மலை யாருக்கு மருந்து?

கேத்தி ரயில் நிலையத்தைத் தமிழ் சினிமா பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1982இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ அங்கேதான் முடிகிறது. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிப்போன ஒரு பெண். அவளை மீட்டு மலைக்கு அழைத்துவந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பள்ளி ஆசிரியர். வைத்தியம் பலிக்கிறது. அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வருகிறது, அவரைத் தவிர. ரயில் நகர்கிறது, அவர் மழையில் நின்றுவிடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் அந்த ஆணுக்காக அழுதுகொண்டிருக்கிறோம். குணமாகி ரயிலேறிய பெண் அதற்குப் பிறகு எப்படி இருந்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தப் படம் நம்மிடம் ஏற்கெனவே இருந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றது. மனசு சரியில்லையா, நாலு நாள் ஊட்டிக்குப் போய்விட்டு வா. காற்று மாறினால் எல்லாம் சரியாகிவிடும். இன்றும் இதைச் சொல்லாத குடும்பம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பேச்சுக் குறைந்த மருமகளுக்கும், கணவனை இழந்து சாப்பிட மறுக்கும் அத்தைக்கும், பரீட்சையில் தோற்று அறையைவிட்டு வெளியே வராத மகளுக்கும் இதே யோசனைதான். இந்த யோசனை எங்கிருந்து வந்தது? யாருக்காகச் சொல்லப்பட்டது? அதே மலையில் பிறந்து, அதே காற்றைச் சுவாசித்து, கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு மனம் சோர்ந்தால் அவளை எங்கே அனுப்புவது? மனச்சோர்வுக்கான சிகிச்சையின் வரலாற்றை ஊட்டியிலிருந்து தொடங்கிப் பார்த்தால் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது.

தோள்களின் மேல் ஏறிய நோயாளிகள்

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் அவர் கட்டிய வீட்டை மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றார்கள். சமவெளியின் காய்ச்சலும் வெக்கையும் வெள்ளைக்காரர்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தை நினைவூட்டும் குளிர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது கம்பெனிக்குப் பெரிய செய்தி. 1827இல் மதராஸ் கவர்னராக வந்த லஷிங்டன் ஊட்டியை ஒரு சுகவாசஸ்தலமாக வளர்ப்பதில் முனைப்புக் காட்டினார். நோயுற்ற சிப்பாய்களும் அதிகாரிகளும் விடுப்பில் மலைக்கு வந்தார்கள். கண்நோய்க்காக 1847இல் வந்த ரிச்சர்ட் பர்ட்டனைப் போல, இங்கே சலிப்பில் நொந்துபோனவர்களும் உண்டு. அவர் 1851இல் ஊட்டியைக் கேலி செய்து ஒரு புத்தகமே எழுதினார்.

மலைக்காற்று எல்லோரையும் காப்பாற்றவும் இல்லை. சல்லிவனின் மனைவி ஹென்றியெட்டாவும் மகளும் 1838இல் இறந்தார்கள். புனித ஸ்தேவான் தேவாலயத்துக் கல்லறையில் அவர்கள் இருக்கிறார்கள். சுகவாசஸ்தலத்தை உருவாக்கியவரின் வீட்டுப் பெண்களுக்கே அந்த மலை மருந்தாகவில்லை.

1834இல் மெக்காலே இந்தியாவில் வந்திறங்கியதும் முதலில் போன இடங்களில் ஒன்று ஊட்டி. கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது அங்கே தங்கியிருந்தார். மதராஸிலிருந்து மலைவரை ஏறத்தாழ நானூறு மைல் தூரத்தை மனிதத் தோள்களின் மேல் கடந்ததாக மெக்காலேயே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பல்லக்குத் தூக்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. மலையின் ஓய்வு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்: ஒருவர் இளைப்பாற, பலர் சுமக்க வேண்டும். கல்லுடைத்துப் பாதை போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு ஆயாவாக இருந்த பெண்கள் என்று அந்த ஓய்வைத் தாங்கிப்பிடித்தவர்களின் பட்டியல் நீளும். அவர்களுடைய களைப்புக்கு மருத்துவத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

வெள்ளைக்காரர்களின் களைப்புக்கோ பின்னர் ஒரு சொல் கிடைத்தது. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூரஸ்தீனியா’ என்ற பெயரைப் பரப்பினார். நரம்புத் தளர்ச்சி என்று பிற்காலத்தில் நம் சுவர் விளம்பரங்கள்வரை வந்து சேர்ந்த கருத்து அதுதான். வெப்ப நாட்டு வெயிலில் வெள்ளையரின் நரம்புகள் தளர்ந்துவிடும் என்றும், அதற்கு மலைவாசமே மருந்து என்றும் காலனிய மருத்துவம் நம்பியது. பெண்களின் நரம்புகள் இன்னும் பலவீனமானவை என்பதும் அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி.

அதே காலத்தில் பிலடெல்பியாவில் வீர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் ‘ஓய்வுச் சிகிச்சை’யைப் பிரபலப்படுத்தினார். மனம் தளர்ந்த பெண்ணை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்த வேண்டும். நிறைய உணவு கொடுக்க வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, யாரோடும் அதிகம் பேசக் கூடாது. ஆண்களுக்கு அவர் கொடுத்த மருந்தே வேறு: மேற்குப் பகுதிக்குப் போய்க் குதிரையேறித் திறந்தவெளியில் வாழச் சொன்னார். இந்தச் சிகிச்சைக்கு ஆளான சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் தன்னுடைய அனுபவத்திலிருந்து 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற கதையை வெளியிட்டார். ஓய்வென்ற பெயரில் அறைக்குள் அடைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மனம் உடைவதைச் சொல்லும் கதை அது. “சும்மா ஓய்வெடு, எதையும் யோசிக்காதே” என்று நம் வீட்டுப் பெண்களிடம் சொல்லும்போது, பாட்டியின் பரிவோடு மிட்செலின் மருத்துவக் குறிப்பும் அதில் கலந்தே ஒலிக்கிறது.

பூட்டும் சட்டமும்

மலைக்கு அனுப்ப வசதியில்லாதவர்களுக்கு இருந்தது பூட்டு. 1794இல் வாலன்டைன் கனாலி என்ற மருத்துவர் மதராஸில் மனநோயாளிகளுக்கான விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அப்போது அதன் பெயர் பைத்தியக்கார விடுதி. 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை. 1978இல் மனநலக் காப்பகம். பெயர்கள் மாறிய வேகத்தில் மதில்கள் இளகவில்லை. அங்கேயும் தீவிர மனநோய்க்குத்தான் இடம். வேலைகளை எப்படியோ முடித்துவிட்டு இருட்டில் அழும் பெண்ணை நோயாளி என்று யாரும் எண்ணவில்லை.

சட்டத்தின் கண்ணில் மட்டும் அவள் ஒருநாள் பட்டாள், குற்றவாளியாக. மெக்காலே தலைமையிலான சட்டக் குழு எழுதத் தொடங்கி, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை என்றது. உயிர் பிழைத்த பெண்ணைச் சூழ்ந்து நிற்கும் குடும்பம் முதலில் பயந்தது போலீசுக்கு. “தெரியாமல் நடந்துவிட்டது” என்று எழுதவைத்து, வயிற்றைக் கழுவி, மறுநாளே வீட்டுக்கு அழைத்துப்போனால் போதும் என்பதே நடைமுறையானது. ஏன் அப்படிச் செய்தாள் என்ற கேள்வியை மருத்துவமனையும் கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 115ஆம் பிரிவில் இந்தப் பார்வையைத் தலைகீழாக்கியது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309க்கு நிகரான பிரிவு இல்லை. ஆனால் சட்டம் போன பிறகும் பயம் வீடுகளில் தங்கியிருக்கிறது.

பூட்டைத் திறந்தவர்களில் இரண்டு பெண்களை நாம் நினைவில் வைக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் மனநல மையத்தைத் தொடங்கியவர் கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ். நோயாளியோடு குடும்பமும் வந்து தங்குவது அந்த மையத்தின் வழக்கமானது. இன்னொருவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961முதல் 1978வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளி வெளியே போய் வேலை செய்து வாழ முடியும் என்பதில் பிடிவாதமாக இருந்த அவர், 1984இல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். 98 வயதில், 2021 டிசம்பரில் மறையும்வரை அதே பிடிவாதம்.

இத்தனைக்குப் பிறகும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாதவர்களை எங்கோ ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டு மறப்பது எவ்வளவு ஆழமான பழக்கம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வசதி உள்ளவர்களின் ஊட்டிக்கும் வசதி இல்லாதவர்களின் ஏர்வாடிக்கும் வானளவு வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் இரண்டிலும் ஓர் எண்ணம் பொது: நோய் அந்த ஆளிடம் இருக்கிறது, அவரை இடம் மாற்றினால் போதும், வீடு மாற வேண்டியதில்லை.

காசநோய் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த எண்ணத்தை உடைத்த முதல் பெரிய ஆதாரம் மனநோயிலிருந்து வரவில்லை, காசநோயிலிருந்து வந்தது. அதுவும் சென்னையிலிருந்து. மலைக்காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றும்தான் காசநோய்க்கு மருந்து என்று உலகமே நம்பிய காலம் உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் மாத்திரை சாப்பிட்டார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளில், கிடைத்ததை உண்டு, அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தார்கள். உலக அளவில் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணமானது. ஓர் ஏழைத் தாய் பிள்ளைகளைவிட்டு ஓராண்டு எங்கோ போய்ப் படுத்திருக்கத் தேவையில்லை, மருந்து ஒழுங்காக அவளிடம் வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் அதன் பொருள்.

வரலாற்றின் விசித்திரம், மனச்சோர்வுக்கான முதல் மாத்திரையும் காசநோய் வார்டில்தான் பிறந்தது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள், பசிக்கிறது என்றார்கள், வார்டில் ஆடினார்கள். நுரையீரலுக்கென்று கொடுத்த மருந்து மனதைத் தூக்கிவிட்டிருந்தது. சில ஆண்டுகளில் அது மனச்சோர்வுக்கு மருந்தானது. கல்லீரலைப் பாதித்ததால் பின்னர் கைவிடப்பட்டது. 1957இல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் மருந்தின் பலனை வெளியிட்டார். 1980களின் இறுதியில் ஃபுளுவாக்சடின் வந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் சாதாரண மாத்திரை அது. மனச்சோர்வு என்பது குணக்கேடோ சோம்பேறித்தனமோ அல்ல, சிகிச்சைக்குக் கட்டுப்படும் ஒரு நோய் என்பதைப் பலருக்கு நிரூபித்தது இந்த மாத்திரைகளின் வரிசைதான்.

அழுகைக் கோச்சி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்த மலைரயிலை எல்லோருக்கும் தெரியும். நீலகிரியின் பெண்களில் ஒரு பெரும் பகுதியினர் வேறொரு ரயிலில் ஏறி இங்கே வந்து சேர்ந்தவர்கள். இலங்கை மலையகத்தில் ரயிலைக் ‘கோச்சி’ என்பார்கள். தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த பிரதமர்களில் ஒருவர் உலகின் முதல் பெண் பிரதமர் என்பதும் வரலாறு. நான்கு தலைமுறையாகப் பார்த்திராத ‘தாயகத்துக்கு’ மக்கள் கப்பலேறினார்கள். தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னர் ‘டேன்டீ’ கழகமாயின. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் புதிய லைன் வீடுகள் எழுந்தன. அங்கே விட்டுவந்த கூடையை இங்கே மீண்டும் தலையில் மாட்டிக்கொண்டார்கள் பெண்கள்.

இந்தப் பெண்களின் நாளை ஒருமுறை எண்ணிப்பாருங்கள். விடிவதற்கு முன் தண்ணீர், சமையல், பிள்ளைகள். பிறகு பனியிலும் அட்டைக்கடியிலும் சரிவில் நின்று கொழுந்து பறிப்பது. எடை குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள். மாலையில் மறுபடியும் அடுப்பு. இரவில் குடித்துவிட்டு வரும் கணவன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவமனையும் பிள்ளைக் காப்பகமும் தர வேண்டும் என்றது. மனம் என்ற ஒன்று அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. சோவியத் ஒன்றியம் சிதறியபோது நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தபோது தொழிலாளிப் பெண்களோடு சிறு விவசாயக் குடும்பங்களின் படுகப் பெண்களும் கடன் சுமந்தார்கள். 2022இல் டேன்டீ நிலத்தின் ஒரு பகுதி வனத்துறைக்குத் திரும்புகிறது என்ற முடிவு வந்ததும், இந்த வீடும் போய்விடுமா என்ற பழைய பயம் மறுபடியும் எழுந்தது. ஏற்கெனவே ஒரு நாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களுக்கு அது வெறும் அரசாணை இல்லை.

இப்படி வாழும் பெண் மருத்துவரிடம் போய் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வதில்லை. உடம்பெல்லாம் வலி, தலை கிறுகிறுப்பு, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை, வெள்ளைப்படுகிறது என்றுதான் சொல்வாள். மருத்துவர் ஓர் ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புவார். கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் வெள்ளைப்படுதல் பற்றிப் பெண்களிடையே செய்த ஆய்வு இங்கே பொருத்தமானது. அந்தப் புகாரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவை பெரும்பாலும் தொற்றுநோய்கள் இல்லை. மன உளைச்சலும் வாழ்க்கைச் சிக்கல்களும்தான். உடம்பின் வழியாக மனம் பேசுவதைப் பெண்கள் கற்றுவைத்திருக்கிறார்கள். உடம்புக்கு வலித்தால்தான் உட்கார அனுமதி கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எது வேலை செய்கிறது?

மனச்சோர்வைப் பற்றிப் பெண்ணியவாதிகளுக்குள் ஒரு பழைய தயக்கம் உண்டு. வீட்டின் அநீதியை நோய் என்று பெயரிட்டு, மாத்திரை கொடுத்துப் பெண்ணை அமைதியாக்குகிறார்களோ என்ற சந்தேகம் அது. நியாயமான சந்தேகம்தான். பார்கவி தாவர் போன்றவர்கள் இந்தியாவின் மனநல அமைப்பை இந்தக் கோணத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டார்கள். காரணங்களைத் தேடிய ஆய்வுகளும் அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 1978இல் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றி எழுதிய நூல், மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாததும், வெளி வேலை இல்லாததும், வீட்டில் சிறு பிள்ளைகள் பலர் இருப்பதும், சிறுவயதில் தாயை இழந்ததும் மனச்சோர்வுக்கு வழிவிடுவதைக் காட்டியது. வேலூர் மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காட்டினர். காரணங்களின் பட்டியலை நாமே எழுதியிருக்கலாம்: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை, மாமியாரோடும் பெற்றோரோடும் சிக்கல், கைக்கு உதவியாக ஆள் இல்லாமை.

ஆனால் காரணம் சமூகத்தில் இருப்பதால் சிகிச்சை தேவையில்லை என்று முடிவுகட்டினால் அது இன்னோர் அநீதி. மாசுபட்ட தண்ணீரால் காலரா வந்தது என்பதற்காக நோயாளிக்கு உப்புக் கரைசல் கொடுக்காமல் விடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணத்தில் மூழ்கியிருக்கும் பெண்ணுக்குப் போராட எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. அந்தத் தெம்பை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எப்படி என்பதற்குத் தெற்காசியாவிலேயே விடைகள் கிடைத்திருக்கின்றன. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் மனநல மருத்துவர்களைத் தேடவில்லை. ஏற்கெனவே வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கருவுற்ற காலத்திலிருந்தே அவர்கள் மனம் சோர்ந்த தாய்மார்களிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், இந்த உதவி கிடைத்தவர்களில் 23 விழுக்காட்டினர் மட்டுமே மனச்சோர்வில் இருந்தார்கள். கிடைக்காதவர்களில் 53 விழுக்காட்டினர். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீவிர மனச்சோர்வுள்ள 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். அன்றாடத்தில் மனதுக்குப் பிடித்த சிறு செயல்களை மீண்டும் தொடங்கவைப்பதும், சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கப் பழக்குவதும்தான் முறை. மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள். ஆலோசனை கிடைக்காதவர்களில் 39 விழுக்காட்டினர்தான். பெண்ணியவாதிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவும் அதில் உண்டு. ஆலோசனை பெற்ற பெண்கள்மேல் கணவன் கை ஓங்குவதும் குறைந்திருந்தது. சிகிச்சை பெண்ணை அடங்கிப்போகச் செய்யும் என்ற பயத்துக்கு இது ஒரு பதில்.

மாத்திரையைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். அது இரண்டு நாளில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆனால் குமட்டல், தூக்கக்கேடு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். “இது எனக்கு ஒத்துக்கலை” என்று பெண்கள் நிறுத்துவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் நான்காயிரம் பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், முதல் மாத்திரையில் முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மாத்திரையை மாற்றவோ, இன்னொன்றைச் சேர்க்கவோ, பேச்சுச் சிகிச்சையோடு இணைக்கவோ வேண்டியிருந்தது. ஆகவே முதல் மருந்து பலிக்காவிட்டால் நோய் தீராது என்று பொருளில்லை. தேடல் இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே களைப்பைத் தரும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தத் தேடலுக்குப் பொறுமை மட்டும் போதாது. பஸ் கட்டணமும், ஒரு நாள் கூலி இழப்பும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். பல பெண்களின் சிகிச்சை மருந்துக் கடையில் நின்றுபோவதில்லை, பஸ் நிறுத்தத்தில் நின்றுபோகிறது.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வுள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. எனவே சிகிச்சை பெண்ணைத் தேடிப் போக வேண்டும். நீலகிரியில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகப் பெண்களே செவிலியர்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். தன் மொழியில், தன் வாசலில், தன்னைப் போன்ற ஒருத்தி கேட்டால் பெண் வாய் திறப்பாள் என்ற எளிய உண்மையின் மேல் கட்டப்பட்ட அமைப்பு அது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அதே வாசற்படியில் “ராத்திரி தூங்கினியாம்மா? மனசு எப்படி இருக்கு?” என்று கேட்கவும் ஆவன செய்தால், ராவல்பிண்டியில் முடிந்தது பந்தலூரிலும் முடியும்.

அதுவரை தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில. அரசின் மாவட்ட மனநலத் திட்டம் நீலகிரி உட்பட மாவட்டந்தோறும் இருக்கிறது. அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எது என்று கேட்டுப் போகலாம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். 104ஐயும் அழைக்கலாம். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’வின் எண் 044-24640050. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், காலைவரை காத்திருக்காமல் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்களிடம் ஒருத்தி அப்படிச் சொன்னால், புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் இருங்கள், மருத்துவமனைக்குக் கூடப் போங்கள்.

ஊட்டிக்குப் போக வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து நாலு நாள் விலகியிருப்பது எந்தப் பெண்ணுக்கும் நல்லதுதான். திரும்பிவரும்போது அதே அடுப்பு, அதே தனிமை, அதே கை காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்தமுறை மலைரயில் கேத்தியில் நிற்கும்போது, பிளாட்பாரத்தில் நிற்கும் ஆணை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, குணமாகி ரயிலேறிய பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஜன்னல் வழியாகச் சரிவில் பாருங்கள். கூடையைச் சுமந்து ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவளிடமும் யாராவது கேட்க வேண்டும், மனசு எப்படி இருக்கிறது என்று.